பட்ஜெட் என்றொரு தோல்பை

ஒவ்வொரு பிப்ரவரியிலும் டெல்லியில் எடுக்கப்படும் அந்தப் படத்தை நான் தவறவிடுவதில்லை. அமைச்சக வாசலில் அதிகாரிகள் புடைசூழ நிதியமைச்சர் நிற்பார், கையில் ஒன்றை உயர்த்திக் காட்டுவார். பல ஆண்டுகளாக அது தோல் பெட்டி. 2019 ஜூலையில் நிர்மலா சீதாராமன் சிவப்புத் துணியில் சுற்றிய கணக்குக் கட்டைக் கொண்டுவந்தார். 2021இலிருந்து சிவப்பு உறைக்குள் ஒரு டேப்லெட். லண்டனிலும் இதே கதைதான். டவுனிங் தெரு 11ஆம் எண் வீட்டு வாசலில், சிவப்புப் பெட்டியோடு ஒரு படம்.

மறுநாள் பேப்பரில் எல்லோரும் வருமான வரி உச்சவரம்பைத் தேடும்போது என் கண் அந்தக் கையில் இருக்கும் பொருளுக்குத்தான் போகும். 'பட்ஜெட்' என்ற சொல்லுக்கு முதலில் இருந்த பொருளே அதுதான். கணக்கு, அறிக்கை, திட்டம் எல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆதியில் அது ஒரு தோல்பை.

லத்தீனில் 'புல்கா' என்றால் தோலால் தைத்த சிறு பை. ஆனால் சொல் பிறப்பால் லத்தீன் இல்லை. 'காலியர்கள் தோல்பையை புல்கா என்பார்கள்' என்று ரோமானிய இலக்கண ஆசிரியர் ஃபெஸ்டஸ் குறித்து வைத்திருக்கிறார். இன்றைய பிரான்ஸ் இருக்கும் நிலத்தில் அப்போது வாழ்ந்த கெல்டிக் மக்கள்தான் காலியர்கள். ரோமர்கள் அவர்கள் நாட்டைப் பிடிப்பதற்கு முன்பே அவர்களுடைய பையின் பெயர் ரோமுக்கு வந்து சேர்ந்துவிட்டது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லூசிலியஸ் என்ற அங்கதக் கவிஞரின் வரிகளில் அது இருக்கிறது. அவருடைய நூல்கள் முழுதாகக் கிடைக்கவில்லை. பிற்கால இலக்கண ஆசிரியர்கள் சொற்பொருள் விளக்கத்துக்காக மேற்கோள் காட்டிய துணுக்குகள்தான் மிஞ்சின. அதில் ஒன்று இப்படிப் போகிறது: அவனுக்குச் சுமைமாடு இல்லை, அடிமை இல்லை, கூட வர ஆளும் இல்லை. இருக்கிற காசு முழுக்க அந்தப் புல்காவில். புல்காவோடு சாப்பிடுகிறான், புல்காவோடு தூங்குகிறான், புல்காவோடு குளிக்கிறான். அது அவன் கையோடு கட்டியிருக்கிறது.

இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய இந்த மனிதரை நம் ஊர்ச் சந்தையில் நிறுத்தினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். இடுப்பில் செருகிய சுருக்குப்பையை உறக்கத்திலும் கைவிடாத பாட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே நாம்.

லூசிலியஸ் இன்னோர் இடத்தில் இதே சொல்லைத் தாயின் கருப்பைக்கும் பயன்படுத்துகிறார். நாம் ஒவ்வொருவரும் தாயின் புல்காவிலிருந்து வெளிச்சத்துக்கு வந்தோம் என்கிறார். தமிழிலும் கருப்பை 'பை'தான், இரைப்பையும் 'பை'தான் என்பதால் நமக்கு இது விநோதமாகத் தெரியாது. உப்பிப் பெருக்கும் எதையும் குறித்த ஒரு பழைய இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து இந்தச் சொற்கூட்டம் கிளைத்தது என்பார்கள். ஐரிஷ் மொழியில் 'போல்க்' என்றால் வயிறு, பை இரண்டும். ஆங்கிலத்தில் வயிற்றுக்கு 'பெல்லி', கொல்லன் பட்டறைத் துருத்திக்கு 'பெல்லோஸ்'. இந்த இடத்தில் எனக்கு நம் 'துருத்தி' நினைவுக்கு வராமல் இல்லை. ஊதுலைக் கருவிக்கும் துருத்தி, தண்ணீர் சுமக்கும் தோல்பைக்கும் துருத்தி, வெளியே பிதுங்கி நிற்பதைத் துருத்திக்கொண்டிருக்கிறது என்கிறோம். இரண்டு குடும்பங்களுக்கும் உறவு கிடையாது. இருந்தும் தோல்பையைப் பார்த்த மனித மனம் இரண்டு இடத்திலும் ஒரே பாதையில் போயிருக்கிறது.

சரி, புல்கா பிரெஞ்சுக்குப் போன கதைக்கு வருவோம்.

பழைய பிரெஞ்சில் அது 'பூஜ்' ஆனது. சின்னப் பை என்றால் 'பூஜெத்'. பயணம் போகிறவர்கள் சேணத்தில் தொங்கவிட்டுக்கொள்ளும் தோல்பை. 'பூஜ்' தன் ஊரிலேயே தங்கி, பையின் உப்பலிலிருந்து பீப்பாயின் நடுவில் புடைத்திருக்கும் பகுதிக்குப் போனது. சின்ன அறைக்குப் போனது. கடைசியில் இன்றைய பிரெஞ்சில் அழுக்கடைந்த, நல்ல பெயர் இல்லாத பொந்து மாதிரியான இடத்துக்குப் பெயராகிவிட்டது. ஆங்கிலத்துக்குப் போன கிளை 'பல்ஜ்' ஆயிற்று, அதாவது புடைப்பு.

இத்தாலிக்குப் போன கிளைதான் எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே அது 'போல்ஜா'. இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் காவியத்தில் நரகத்தின் எட்டாவது வட்டத்துக்கு 'மாலேபோல்ஜே' என்று பெயர் வைத்தார். பொல்லாத பைகள் என்று அர்த்தம். மொத்தம் பத்துப் பள்ளங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வகை மோசடிக்காரர்கள். ஐந்தாவது பையில் யார் தெரியுமா? பொதுப் பதவியை விற்றுக் காசு பார்த்தவர்கள், லஞ்சம் வாங்கியவர்கள். கொதிக்கும் தாரில் முங்கிக் கிடக்கிறார்கள். தலையை வெளியே நீட்டினால் கரையில் நிற்கும் பேய்கள் கொக்கியால் குத்தி உள்ளே தள்ளுகின்றன. அந்தத் தாரைப் பார்த்ததும் வெனிஸ் நகரக் கப்பல் பட்டறையில் குளிர்காலத்தில் கப்பல்களுக்குப் பூசக் காய்ச்சும் தார் கவிஞருக்கு நினைவு வருகிறது. தாந்தே சும்மா எழுதவில்லை. 1302இல் ஃபுளோரன்ஸ் நகரம் அவர் மீதே இந்தக் குற்றத்தைச் சுமத்தித்தான் நாடுகடத்தியது. பிறகு அவர் ஊர் திரும்பவே இல்லை. தன் மீது விழுந்த பழிக்கு உரிய பள்ளத்தை அவ்வளவு நுணுக்கமாக வரைந்த மனிதரின் வலி அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தட்டுப்படுகிறது. மக்கள் பணத்தில் கை வைத்தவர்கள் கிடக்கும் இடத்தின் பெயரும், மக்கள் பணத்துக்குக் கணக்குச் சொல்லும் நாளின் பெயரும் ஒரே தோல்பையிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் தொடர்பு ஏற்படுத்த வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. அப்படி அமைந்துவிட்டது.

'பூஜெத்' 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் 'பட்ஜெட்' ஆகிறது. அர்த்தம் அதே தோல்பைதான். ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகத்தில் வரும் பாட்டில், சமையல் பாத்திரங்களுக்கு ஈயம் பூசி ஊர் ஊராகத் திரியும் தொழிலாளிகள் பன்றித் தோலால் ஆன பட்ஜெட்டைச் சுமந்து வருகிறார்கள். அவர்களுடைய கருவிப் பை அது. நாளடைவில் பையின் பெயர் பைக்குள் இருப்பதற்கும் போனது. ஒரு கட்டுக் கடிதம், ஒரு மூட்டைச் செய்தி எல்லாம் பட்ஜெட்தான்.

இந்த மூட்டைப் பொருளுக்கு நம் பக்கத்து ஆள் ஒருவர் சாட்சி. அகஸ்டஸ் டி மார்கன் என்ற கணித மேதை 1806இல் மதுரையில் பிறந்தவர். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவத்தில் இருந்தார். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. கணினி படித்தவர்களுக்கு டி மார்கன் விதிகள் தெரியாமல் இருக்காது. அவர் இறந்த மறுவருடம், 1872இல், மனைவி தொகுத்து வெளியிட்ட புத்தகத்தின் பெயர் 'முரண்களின் பட்ஜெட்'. வட்டத்தைச் சதுரமாக்கிவிட்டேன் என்று கிளம்பியவர்களையும் அவர்களைப் போன்ற விசித்திரச் சிந்தனையாளர்களையும் பற்றிய குறிப்பு மூட்டை. வரவுக்கும் செலவுக்கும் அதில் இடமே இல்லை.

அப்படியென்றால் அரசாங்கக் கணக்குக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? ஒரு வசவிலிருந்து வந்தது.

1733. ராபர்ட் வால்போல் அப்போது இங்கிலாந்தின் நிதிப் பொறுப்பையும் கிட்டத்தட்ட மொத்த ஆட்சியையும் கையில் வைத்திருந்தார். ஒயினுக்கும் புகையிலைக்கும் துறைமுகத்தில் வசூலித்துவந்த சுங்கத்தில் கடத்தல்காரர்கள் புகுந்து விளையாடினார்கள். துறைமுகத்தில் வாங்குவதற்குப் பதிலாகச் சரக்கைக் கிடங்கில் வைத்து, உள்நாட்டு விற்பனைக்கு வெளியே எடுக்கும்போது கலால் வரி வாங்கலாம் என்பது அவர் யோசனை. நிர்வாகக் கண்ணோட்டத்தில் பார்த்தால் நல்ல யோசனைதான். ஆனால் கலால் அதிகாரி கடைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் புகுந்து சோதனை போடுவான் என்றதும் நாடு கொந்தளித்தது. அடிமைத்தனம் வேண்டாம், கலால் வேண்டாம், மரச்செருப்பு வேண்டாம் என்று தெருவில் கோஷம் போட்டார்கள். மரச்செருப்பு என்பது பிரெஞ்சு நாட்டு ஏழை விவசாயியின் அடையாளம். பிரான்ஸ் மாதிரி ஆகிவிடுவோம் என்ற பயம் அந்த ஒரு சொல்லில் இருந்தது.

அந்தச் சண்டையில் வெளியான துண்டுப் பிரசுரம் ஒன்றின் தலைப்பு, 'பட்ஜெட் திறக்கப்பட்டது'. வால்போலின் அரசியல் எதிரி வில்லியம் பல்ட்னி எழுதியது என்பார்கள். அதில் வால்போல் அரசாங்கத்தின் நாட்டு மருந்து வியாபாரியாக வருகிறார். சந்தைக்கு வந்து, ஆளைக் கூட்டி, தோல்பையை அவிழ்த்து, இந்தப் பொட்டலம் எல்லா வியாதிக்கும் கைகண்ட மருந்து என்று விற்கும் லேகியக்காரர் மாதிரி. இத்தனை நாள் முடிந்து வைத்திருந்த பையை ஒருவழியாக அவிழ்த்துவிட்டார், உள்ளே இருப்பது இந்த வரிதான் என்பது பிரசுரத்தின் சாரம்.

ஏப்ரலில் வால்போலின் பெரும்பான்மை ஒரு வாக்கெடுப்பில் வெறும் 17ஆகச் சுருங்கியது. அவர் மசோதாவைக் கைவிட்டார். கேலி மட்டும் போகவில்லை. 'பட்ஜெட்டைத் திறப்பது' என்பது நாடாளுமன்றப் பேச்சுவழக்கில் இறங்கி, அந்த நூற்றாண்டு முடிவதற்குள் நிதியமைச்சர்களே கூச்சமில்லாமல் சொல்லும் சொல்லாகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் நிதியமைச்சர் கிளாட்ஸ்டனுக்காகச் சிவப்புத் தோல் போர்த்திய மரப்பெட்டி ஒன்று செய்தார்கள். அதையே அடுத்தடுத்து வந்தவர்களும் தூக்கினார்கள். 2010இல் ரொம்பவும் நைந்துபோய் ஓய்வு கொடுக்கும்வரை அது வெளியே வந்துகொண்டிருந்தது. வைத்தியர் பை என்று திட்டியதை நிஜமாகவே பெட்டியாகச் செய்து, படமெடுக்கத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள்.

அந்தப் பெட்டியைத் தூக்குகிறவரின் பதவிப் பெயரான 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்பதிலும் ஒரு பொருள் ஒளிந்திருக்கிறது. 'எக்ஸ்செக்கர்' என்ற சொல் சதுரங்கப் பலகையைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. அதற்கு இடைக்கால லத்தீனில் 'ஸ்காக்காரியம்', இன்னும் பின்னால் போனால் அரசனைக் குறிக்கும் பாரசீக 'ஷா'. 12ஆம் நூற்றாண்டில் அந்த அலுவலகத்திலேயே வேலை பார்த்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் தம் அலுவலகம் எப்படி நடக்கிறது என்று லத்தீனில் உட்கார்ந்து எழுதி வைத்தார். பத்தடி நீளம், ஐந்தடி அகலத்தில் ஒரு மேசை. மேலே கோடுகள் போட்ட கறுப்புத் துணி. கோடுகளுக்கு நடுவே காய்களை நகர்த்தித்தான் கூட்டல் கழித்தல். பணம் கட்டியதற்கு ரசீது, வெட்டிய குச்சி. ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகலத்துக்கு வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுண்டுக்கு முற்றிய பார்லி மணி அளவு. பென்னிக்கு மரம் துளியும் போகாமல் ஒரு கீறல் மட்டும். பிறகு குச்சியை நெடுக்குவாக்கில் இரண்டாகப் பிளந்து ஆளுக்கொரு பாதி. சேர்த்து வைத்தால் வெட்டுகள் பொருந்த வேண்டும். மர ரேகையை யாராலும் போலியாகச் செய்ய முடியாது என்பதுதான் இதன் சாமர்த்தியம். படித்த அன்றிலிருந்து எனக்கு இதன் மேல் தீராத மரியாதை. அந்தக் குச்சிக்கு ஆங்கிலத்தில் 'டாலி'. கணக்கு டாலி ஆகிறதா என்று நம் கடைகளிலும் கேட்கிறார்களே, அதே சொல்தான். இதற்கும் வேர் லத்தீன், வெட்டிய குச்சியைக் குறிக்கும் 'டாலியா'. வழக்கொழிந்த பழைய குச்சிகளை 1834 அக்டோபர் 16ஆம் தேதி பிரபுக்கள் சபைக்கு அடியில் இருந்த அடுப்புகளில் போட்டு எரித்தார்கள். அன்று இரவு நாடாளுமன்றமே எரிந்துபோனது.

தோல்பை மறுபடி பிரான்ஸுக்குப் போனது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில். 'பூஜெத்' என்று ஆங்கிலக் கால்வாயைக் கடந்த சொல், 'புட்ஜே' என்று திரும்பி வந்தது. முதலில் இங்கிலாந்தின் நிதிநிலையைப் பற்றிப் பேச மட்டும் பயன்பட்டது. நெப்போலியன் காலத்துக்குள் சொந்த நாட்டுக் கணக்குக்கும் அதுவே பெயராகிவிட்டது.

இந்தியாவுக்கு அது வந்த விதத்தில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1857 எழுச்சியை அடக்கிய செலவில் அரசாங்கம் கடனில் மூழ்கிக் கிடந்தபோது ஜேம்ஸ் வில்சனை லண்டனிலிருந்து அனுப்பினார்கள். எகனாமிஸ்ட் பத்திரிகையைத் தொடங்கியவர் அவர்தான். 1860இல் கல்கத்தாவில் அவர் வைத்ததுதான் இந்தியாவின் முதல் பட்ஜெட். இந்தியர்களுக்கு வருமான வரியை அறிமுகம் செய்ததும் அதுவே. சென்னை ஆளுநர் சார்லஸ் டிரெவெல்யன் அந்த வரியைக் கடுமையாக எதிர்த்தார். எதிர்ப்பை ஃபைலில் எழுதியதோடு நிற்காமல் பத்திரிகைக்கும் கொடுத்துவிட்டார். லண்டன் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. வில்சன் அதே ஆகஸ்டில் கல்கத்தாவில் சீதபேதியில் இறந்துபோனார். சில வருடத்தில் நிதிப் பொறுப்பை ஏற்று இந்தியாவுக்கு வந்தவர் அதே டிரெவெல்யன். ஓர் ஆளுநர் தன் பதவி போனாலும் பரவாயில்லை என்று வரியைப் பற்றிய விவாதத்தைப் பொதுவில் வைத்தார் என்பதை நம் ஊர் வரலாற்றுப் புத்தகங்கள் இன்னும் விரிவாகச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

பை என்றால் அவிழ்க்கும் நேரம் வரை முடிந்திருக்க வேண்டும். 1947 நவம்பர் 12ஆம் தேதி பிரிட்டிஷ் நிதியமைச்சர் ஹியூ டால்டன் அவைக்குள் நுழையும் வழியில் ஒரு நிருபரிடம் வரி மாற்றங்கள் ஒன்றிரண்டைச் சொல்லிவிட்டார். அவர் பேசி முடிப்பதற்குள் மாலைப் பத்திரிகையில் அச்சாகிவிட்டது. மறுநாளே ராஜினாமா. அந்த ராஜினாமா நடந்து இரண்டு வாரம்கூட ஆகாத நிலையில், நவம்பர் 26 அன்று, கோயம்புத்தூர்க்காரரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைப் படித்தார். 1948 மார்ச் வரையிலான ஏழரை மாதத்துக்கான கணக்கு அது. இங்கேயும் 1950இல் ஒரு கசிவு நடந்தது. அதுவரை குடியரசுத் தலைவர் மாளிகை அச்சகத்தில் அச்சான பட்ஜெட் மின்டோ சாலைக்கும், 1980இல் நிதியமைச்சகத்தின் அடித்தளத்துக்கும் மாறியது அதனால்தான். பெரிய வாணலியில் அல்வா கிண்டிக் கொடுத்துவிட்டு, தயாரிப்பில் இருக்கும் ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பாமல் உள்ளேயே தங்கவைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

இவ்வளவு பாதுகாக்கும் இந்தச் சொல் இந்திய அரசியலமைப்பில் எங்கேயும் இல்லை. 112ஆவது பிரிவு அதை ஆண்டு நிதிநிலை அறிக்கை என்றுதான் சொல்கிறது. தமிழ்நாட்டுப் பேப்பர்களில் பட்ஜெட்டும் நிதிநிலை அறிக்கையும் மாறி மாறி வரும், வரவு செலவுத் திட்டம் என்பதையும் பார்க்கலாம். இலங்கைத் தமிழர்கள் வரவு செலவுத் திட்டத்தோடு இன்னொன்றையும் சொல்கிறார்கள்: பாதீடு. முதன்முதலில் ஒரு யாழ்ப்பாணச் செய்தியில் அதைப் பார்த்தபோது ஏதோ புதிதாகச் செய்த கலைச்சொல் என்று தோன்றியது. அது தொல்காப்பியத்தில் இருக்கிறது. புறத்திணையியலில் வெட்சித் திணையின் துறைகளை அடுக்கும்போது, பகைவர் நாட்டு மாட்டு மந்தையை ஓட்டிவந்து ஊரில் நிறுத்தியபின் வருவது பாதீடு, பங்கு பிரித்தல். அடுத்தது உண்டாட்டு, அதற்கடுத்தது கொடை. புறப்பொருள் வெண்பாமாலையும் அதே துறையைப் பாடுகிறது. கவர்ந்த நிரையை அவரவர் செய்த வேலையை அறிந்து கொடுத்தார்கள் என்கிறது.

லத்தீனில் பணத்துக்கு 'பெகூனியா' என்று பெயர். அது கால்நடையைக் குறிக்கும் 'பெகுஸ்' என்ற சொல்லிலிருந்து பிறந்தது. நம்மிடமும் மாடு என்றால் செல்வம்தான், கேடில் விழுச்செல்வம் கல்வி, மற்றவை மாடல்ல என்று வள்ளுவர் சொன்னது அந்தப் பொருளில்தான். பட்ஜெட் பையைப் பற்றிப் பேசுகிறது, பாதீடு பையில் இருப்பதை யார் யாருக்கு எவ்வளவு பிரிப்பது என்று பேசுகிறது. எனக்குப் பின்னதுதான் பிடித்திருக்கிறது. தமிழ்நாட்டு நாளிதழ் ஏதாவது ஒன்று அடுத்த பிப்ரவரியில் தலைப்பிலேயே அதைப் போட்டால் நன்றாக இருக்கும்.